பதினாறரை அடி அலுமினியம்

மஸ்கி பிடிக்கப் போகிறவர்கள் பெரும்பாலான நாட்களில் மஸ்கி பிடிப்பதில்லை. படகு வாங்கும் பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்காவின் வடக்கு ஏரிகளில் இதற்குப் ‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்று பட்டப்பெயர். பத்தாயிரம் முறை தூண்டிலை வீசினால் ஒன்று மாட்டுமாம். யாரும் உட்கார்ந்து எண்ணியிருக்கப் போவதில்லை. ஆனால் விடிகாலையில் ஏரியில் இறங்கி, இருட்டும்வரை வீசி, தோள் கழன்று, வெறுங்கையோடு வீடு திரும்பிய எவரும் அந்தக் கணக்கோடு சண்டைக்குப் போனதில்லை. ஆக, படகு என்பது மீன் கிடைக்காத பத்து மணி நேரம் நாம் நிற்கப்போகிற இடம். அங்கே எப்படி நிற்பது, யாரோடு நிற்பது என்பதை முடிவு செய்ய எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் போனது.

மஸ்கியை எப்படிச் சொல்வது? விராலைத் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் எளிது. பாசிக்கு அடியில் அசையாமல் கிடந்து, தவளை தாண்டும்போது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வருமே, அந்தப் புத்தி. அதை நான்கடி நீள உடம்பில் வைத்து, வாய் நிறைய நாய்ப்பல்லும் கொடுத்தால் மஸ்கி. முழுப்பெயர் மஸ்கலஞ்ச். ஓஜிப்வே பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்த சொல். அவர்கள் மொழியில் ‘கினோஷே’ என்றால் பைக் மீன். ‘மாஷ்கினோஷே’ என்பதற்குச் சிலர் ‘பெரிய பைக்’ என்றும் சிலர் ‘அவலட்சணமான பைக்’ என்றும் பொருள் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்தும்.

விஸ்கான்சின் 1955இல் இதை மாநில மீனாக அறிவித்தது. ஹேவர்ட் என்ற சிற்றூரில் 143 அடி நீளத்தில், நான்கரை மாடி உயரத்தில் ஃபைபர்கிளாஸ் மஸ்கி ஒன்று நிற்கிறது. அதன் வயிற்றுக்குள் படியேறிப் போய் வாயில் நின்று ஊரைப் பார்க்கலாம். எங்கள் மகள் அங்கே நின்று எடுத்த படம்தான் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. அநேகமாக யாரும் இதைத் தின்பதற்காகப் பிடிப்பதில்லை. பிடித்து, அளந்து, ஒரு படம் எடுத்து, விட்டுவிடுவார்கள். காட்டுமன்னார்கோயிலில் இருக்கும் என் அம்மாவுக்கு இன்றுவரை இது விளங்கவில்லை. “வுடறதுக்கு எதுக்குடா புடிக்கிற?” என்று ஞாயிற்றுக்கிழமை போனில் தவறாமல் கேட்கிறாள்.

இந்த மீனுக்கு ஒரு பழக்கம் உண்டு. இரையைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வரும், கடிக்காது. தண்ணீருக்குள் ஒரு கட்டை மிதந்து வருவது போல, அவசரமே இல்லாமல் பின்னால் வரும். அப்போது இரையைத் தூக்கிவிடக் கூடாது. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, படகோரமாகவே இரையை இழுத்து ஒரு பெரிய 8 போட வேண்டும். வளைவுகள் அகலமாக இருக்க வேண்டும், நான்கடி உடம்பு குறுகலாகத் திரும்பாது. அந்த எட்டில் மஸ்கி கடிப்பது நம் முழங்காலிலிருந்து மூன்றடி தள்ளி. முதல் தடவை பார்த்தபோது நான் கோலைப் பிடித்திருந்தேனா, கோல் என்னைப் பிடித்திருந்ததா என்றே தெரியவில்லை.

படகுக்கான தேவைகள் எல்லாம் இந்த எட்டிலிருந்து வருகின்றன. ஓரச்சுவர் ரொம்ப உயரமாக இருந்தால் கோலின் நுனி ஆழத்துக்குப் போகாது, வலைக்குள் கிடக்கும் மீனைக் குனிந்து தொட முடியாது. ரொம்பத் தாழ்வாக இருந்தால் காற்று கிளம்பும் பிற்பகலில் அலை உள்ளே வரும். கோல் ஒவ்வொன்றும் எட்டரை, ஒன்பது அடி. இரை ஒரு சாண் தொடங்கி முழங்கை நீளம் வரை, அதில் இரண்டு மூன்று மும்முனை முட்கள். இருவர் நின்று வீசும்போது ஒருவரின் முள் மற்றவரின் காதைத் தேடி வராத தூரம் வேண்டும். தரையில் கம்பளம் ஒட்டியிருந்தால் விழுந்த முள்ளெல்லாம் அதில் மாட்டும், வினைல் நல்லது. வலையின் வாய் கல்யாண அண்டாவின் வாய் அளவு. அதை எங்கே வைத்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்த படகு நவம்பர் குளிரில் முகத்தைக் காப்பாற்றும். ஆனால் மீன் படகைச் சுற்றி ஓடும்போது நாமும் கூடவே ஓட வேண்டும், அப்போது அது குறுக்கே நிற்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் இருப்பது விஸ்கான்சினின் நடுவில், ஆற்றோரத்தில் ஒரு காகித ஆலை ஊர். அந்த ஆலையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலத்தில், கேட்காமலே எங்கள் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போனவர். அவருடைய 14 அடிப் படகில் ஐந்து கோடைகள் போயிருக்கிறேன். அவர் பின்னால் மோட்டாரின் பிடியில் ஒரு கையை வைத்து உட்கார்ந்திருப்பார், நான் முன்னால் நின்று வீசுவேன். நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். “அந்தக் கோரைக்கு இடப்பக்கம்” என்பார். அங்கே வீசுவேன்.

பிறகு அவருக்கு இடுப்பு எலும்பு மாற்றினார்கள். அடுத்த வருடம் வலது தோள். அதே வருடம் மனைவி இறந்துபோனார். படகைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டார். தெரிந்தவர் ஒருவரின் படகில் போகலாம் என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தேன். “வீச முடியாதவன் படகுல வந்து என்ன பண்ணுவான்? ஏத்திட்டுப்போய் எறக்க நான் என்ன மூட்டையா?” என்றார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது. இரண்டு கோடை அவர் ஏரிப் பக்கமே வரவில்லை.

நான் படகு தேடத் தொடங்கியது அந்த இரண்டாவது கோடையின் முடிவில். கையில் 10,000 டாலர். அது வந்ததுமே ஃபைபர்கிளாஸ் கதை முடிந்தது, ஆனால் காசு மட்டும் காரணம் இல்லை. எங்கள் வடக்கில், விலாஸ் கவுண்டியில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஏரிகள். பாதிக்கு மேல் இறங்குதுறை என்பது சரளைக்கல் சரிவுதான். கல்லில் உரசினால் ஃபைபர்கிளாஸ் பெயரும், அலுமினியம் நெளியும். நெளிந்ததைத் தட்டி எடுக்கலாம். எங்கள் ஊரில் அலுமினியத்தை ஈயம் என்றுதான் சொல்வார்கள். சொட்டை விழுந்த ஈயக்குண்டானைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டி நிமிர்த்தும் ஆட்கள் தெருவில் வருவார்கள். அலுமினியப் படகு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சத்தம்தான்.

கல்லைவிடப் பெரிய விஷயம் கட்டை. ஹேவர்டுக்குக் கிழக்கே சிப்பேவா ஃப்ளோவேஜ் என்று ஒரு நீர்த்தேக்கம், சுமார் 15,300 ஏக்கர். மஸ்கிக்காரர்களுக்கு அது காசி மாதிரி. 1949 அக்டோபர் 20ஆம் தேதி லூயி ஸ்ப்ரே என்பவர் 69 பவுண்டு 11 அவுன்ஸ் மீனைப் பிடித்ததாகச் சொல்லும் இடம் அது. நிஜமா பொய்யா என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அது இயற்கையான ஏரி இல்லை. 1923இல் அணை கட்டித் தேக்கியது. லக் கூடரே ஓஜிப்வே மக்கள் எதிர்த்தும் கேட்கவில்லை. போஸ்ட் என்ற அவர்களுடைய கிராமம், முன்னோரின் கல்லறைகள், காட்டு நெல் விளைந்த சதுப்பு எல்லாம் உள்ளே போயின. மேட்டூரில் தண்ணீர் இறங்கினால் நந்தியின் தலை தெரியும் என்பார்களே, இங்கே தண்ணீர் இறங்கினால் மரக்கட்டைகள் தெரிகின்றன. இறங்காத நாட்களில் அவை படகின் அடியில் வந்து தட்டும். மஸ்கி அந்தக் கட்டைகளுக்கு நடுவில்தான் படுத்திருக்கும் என்பதால் நாமும் அங்கேதான் போவோம். அடியில் தட்டும்போதெல்லாம் எனக்கு உடம்பு ஒருமாதிரி ஆகும். மோட்டாரின் விசிறி உடையுமோ என்ற பயம் பாதிதான்.

அலுமினியத்துக்குக் குறைகளும் உண்டு. எடை குறைவு என்பதால் காற்று தள்ளிக்கொண்டு போகும். அலை அடித்தால் டொம் டொம்மென்று ஒலிக்கும். கையிலிருந்து ஒரு குறடு நழுவித் தரையில் விழுந்தால் அரை ஏரிக்குத் தகவல் போய்விடும். ஃபைபர்கிளாஸ் அலையை வெட்டிக்கொண்டு போகும் இடத்தில் இது எகிறி விழும். முதுகுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

மூன்று படகுகளில் வந்து நின்றேன். முதலாவது, கண்காட்சியில் பார்த்த புத்தம்புது 18 அடி. 60,000 டாலருக்கு மேல். ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, இறங்கி வந்தேன். அது கணக்கில் இல்லை. இரண்டாவது, பத்து வருடப் பழைய 17 அடி, வெல்டிங் செய்தது. அடிப்பாகம் அவ்வளவு கூர் இல்லாத வகை, ஓரம் தாழ்வு, முன்னால் அகலமான மேடை, பக்கவாட்டில் ஸ்டியரிங். மேடையின் நுனியில் கால் விசையில் இயங்கும் மின்மோட்டார், ஒரு பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளைப் பார்த்துத் தானே ஒரே இடத்தில் நிற்கும். தனியாளாக மஸ்கி பிடிக்க இதைவிட வசதியான படகு அந்த விலைக்குக் கிடைக்காது. மூன்றாவது, 2000களின் நடுவில் செய்த 16.5 அடி. ரிவெட் அடித்தது. கூரான அடிப்பாகம், உயர்ந்த ஓரம். 40 குதிரைச்சக்தி மோட்டார், ஸ்டியரிங் கிடையாது. பின்னால் உட்கார்ந்து மோட்டாரின் பிடியைக் கையால் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். இந்த வகைக்கு டில்லர் என்று பெயர்.

ரிவெட்டா வெல்டிங்கா என்பது இங்கே ஒரு சாதிச்சண்டை மாதிரி. ரிவெட் முந்தையது. இரண்டாம் உலகப்போரில் விமானத் தகடுகளை ரிவெட் அடித்துப் பழகிய தொழில், போர் முடிந்ததும் தண்ணீரில் இறங்கியது. க்ரம்மன் விமானக் கம்பெனி அலுமினியக் கனூ செய்தது. பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் 1946இல் அலுமாகிராஃப்ட் வந்தது. 1948இல் நியூயார்க் மில்ஸ் என்ற குட்டி ஊரில் ஹோவர்ட் லண்ட் செய்யத் தொடங்கிய படகுகள்தான் இன்று ஏரிக்கு ஏரி நிற்கும் லண்ட் படகுகள். ரிவெட் வைத்த உடம்பு அலைக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வருடங்கள் போகப்போக ரிவெட் தளர்ந்து சொட்டும். சொட்டினால் மறுபடி அடித்து இறுக்கலாம், ஆனால் ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் வெளியே சுத்தியலால் அடிக்க, இன்னொருவர் உள்ளே இரும்புக்கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடிக்க வேண்டும். வெல்டிங்கில் சொட்டு அபூர்வம். விரிசல் விட்டால்தான் தொல்லை. அலுமினியத்தை ஒழுங்காகப் பற்றவைக்கத் தெரிந்த ஆளைத் தேடி அலைய வேண்டும், சூடு பட்ட இடமும் முன்போல் உறுதியாக இருக்காது. என் அபிப்பிராயம், இரண்டுமே ஓடும். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

கூரான அடிப்பாகம் என்றாலும் பதினாறரை அடிதான். ஒன்றரை மணி நேரத் தொலைவில் க்ரீன் பே இருக்கிறது, மிச்சிகன் ஏரியின் நீண்ட கை. அங்கே ஐம்பது அங்குலத்துக்கு மேற்பட்ட மஸ்கிகள் வருகின்றன. எனக்கு அது ஒரு கனவு. அங்கே காற்று திரும்பினால் எழும் அலைக்குப் பத்தொன்பது, இருபது அடிப் படகு வேண்டும். மூன்றாவது படகை வாங்கினால் க்ரீன் பேயை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டாவதை வாங்கினாலும் பெரிதாகப் போக முடியாது, ஆனால் அதில் எல்லா வேலையையும் நானே செய்துகொள்வேன். ஓட்டுவது, நிறுத்துவது, வீசுவது எல்லாம் நானே. இன்னொருவர் வந்தால் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். இதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபோது மூட்டை என்ற சொல் வந்து நின்றது.

டில்லர் படகில் பின்னால் ஒரு ஆள் வேண்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி, மோட்டாரைப் பின்னோக்கிப் போட்டு, கோரையின் விளிம்பிலிருந்து ஒரு வீச்சுத் தூரத்தில் படகை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். முன்பெல்லாம் வழிகாட்டிகள் இப்படித்தான் மஸ்கி பிடிக்க வைத்தார்கள். அதற்குத் தோள் வேண்டாம். இடது கை போதும்.

மனைவியிடம் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ஈயச்சட்டி மாதிரி இருக்கு. ஏங்க, இது முங்குமா முங்காதா?”

நியாயமான கேள்வி. பெரிய மஸ்கி அக்டோபர், நவம்பரில்தான் கரைக்கு வரும். அப்போது தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிவது ரொம்ப நேரம் உதவாது, முதல் நிமிடத்திலேயே மூச்சு தாறுமாறாகும். 1970களின் இறுதியிலிருந்து இங்கே இருபது அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல், மட்டமாக மிதக்க வேண்டும். அதற்காகத் தரைக்கு அடியிலும் இருக்கைகளுக்குள்ளும் நுரை அடைத்திருப்பார்கள். எத்தனை பேர், எவ்வளவு எடை, எவ்வளவு பெரிய மோட்டார் என்று உள்ளே ஒரு தகடும் இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். “அப்ப சரி. லைஃப் ஜாக்கெட்ட கழட்டுனதா தெரிஞ்சா நானே முக்கிடுவேன்” என்றாள்.

அந்த நுரைதான் பழைய படகில் பார்க்க வேண்டிய முதல் விஷயம். வருடக்கணக்கில் தண்ணீரை உறிஞ்சியிருந்தால் இருநூறு முந்நூறு பவுண்டு கூடுதலாகச் சுமக்கும், மிதக்கவும் விடாது. வெளியே தெரியாது. விற்றவர் நல்ல மனுஷர், டிரெய்லரோடு நெடுஞ்சாலை லாரி எடைமேடைக்குக் கொண்டுபோகச் சம்மதித்தார். படகு, மோட்டார், டிரெய்லர், பேட்டரி, பெட்ரோல் என்று என் கூட்டல் 1,740 பவுண்டு. மேடை 1,780 காட்டியது. மிச்சம் நங்கூரமும் கயிறும். மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும், அது உளுத்திருக்கலாம். மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினேன், பின்பலகை அசையவில்லை. கடைசியில் அவர் வீட்டு வாசலிலேயே, டிரெய்லரில் நிற்கும்போதே, படகுக்குள் தோட்டக் குழாயால் ஒரு சாண் தண்ணீர் விட்டேன். தண்ணீரை வெளியே விடாத படகு உள்ளேயும் விடாது. சாக்பீஸோடு அடியில் படுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் இரண்டு இடத்தில் சொட்டியது. வட்டம் போட்டேன். 9,500 கேட்டவர் அந்த இரண்டு வட்டத்துக்காக 8,800க்கு இறங்கினார்.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. கைத்தடியோடு வந்தார். படகை ஒரு சுற்றுச் சுற்றினார். ஓரத்தைத் தட்டினார். ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“நீ முன்னாடி நின்னு வீசினா பின்னாடி யாரு?”

“ஆள் தேடிட்டிருக்கேன்” என்றேன்.

ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். மறுவாரம் பின் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி பொருத்தியிருந்தது. அவருடைய பட்டறையில் கிடந்த குழாயை வளைத்துச் செய்தது. எழுந்து நிற்க, துறையிலிருந்து இறங்க.

சீசன் திறந்து ஐந்து முறை போனோம். மஸ்கி ஒன்றும் மாட்டவில்லை. அக்டோபரில் ஆறாவது முறை, விலாஸ் கவுண்டியில் ஒரு சின்ன ஏரி, மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிட்டது. கோரையின் ஓரமாக அவர் படகைப் பின்னோக்கி நகர்த்திக்கொண்டிருந்தார். என் இரைக்குப் பின்னால் ஒன்று வந்தது. நான் சொல்வதற்கு முன்பே மோட்டார் நின்றிருந்தது. எட்டு போட்டேன். முதல் வளைவில் அதுவும் திரும்பியது, இரண்டாவது வளைவில் செவுள் திறந்து மூடுவது தெரிந்தது, மூன்றாவதில் அப்படியே கீழே இறங்கி மறைந்தது. நாற்பத்தைந்து அங்குலம் இருக்கும். எனக்கு முழங்கால் நடுங்கியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “இருட்டறப்ப மறுபடி வரலாம். அதுக்கு வீடு இங்கதான்” என்றார். வந்தோம். அது வரவில்லை.

துறையில் படகை ஏற்றியதும் அடி அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்துவிட வேண்டும். வரிச்சிப்பி ஒரு ஏரியிலிருந்து இன்னொரு ஏரிக்குத் தொற்றாமல் இருக்கச் சட்டம். தண்ணீர் கல்லில் விழுந்து ஓடியது. அவர் கைத்தடியில் சாய்ந்து அது நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“ரெண்டு ரிவெட்டும் இன்னும் கசியுது. பனிக்காலத்துல கராஜ்ல வெச்சு அடிச்சிரலாம். சுத்திய நீ அடி, உள்ளாற கட்டிய நான் புடிச்சிக்கறேன்” என்றார். பிறகு, காரில் ஏறப் போனவர் நின்று, “அந்தப் பின் இருக்கைய மூணு அங்குலம் எடப்பக்கம் தள்ளணும். எவன் வெச்சானோ” என்றார்.